ஜமோவியில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்: பெர்க்லி தரவை வைத்து ஒரு மதிப்பீடு

சமூகவியல், பொருளியல், கல்வியியல் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஜமோவி என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைப் பரிந்துரைக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, பரிந்துரைக்கலாம் என்பதே. ஆனால் ஆம் அல்லது இல்லை போன்ற விளைவு எவற்றைப் பொறுத்து மாறுகிறது என்று கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைப் பொறுத்தவரை, அது முதலில் காட்டும் அட்டவணையோடு நின்றுவிடுபவருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. இந்த மென்பொருளின் சிறந்த பகுதி திரையில் மூடியிருக்கும் தேர்வுப் பட்டைகளுக்குள்ளே இருக்கிறது. அதை யார் திறக்கிறார்கள், யார் திறக்கவில்லை என்பதைப் பொறுத்தே ஆய்வேட்டின் முடிவுரை சரியாகவோ தவறாகவோ அமைகிறது.

ஜொனாதன் லவ், ரவி செல்கர், டேமியன் டிராப்மன் ஆகியோர் தொடங்கிய திட்டம் இது. மூவரும் முன்பு ஜாஸ்ப் என்ற மற்றொரு இலவசப் புள்ளியியல் மென்பொருளில் பணியாற்றியவர்கள். உள்ளே கணக்கிடுவது ஆர் என்ற இலவசப் புள்ளியியல் நிரல்மொழி. வெளியே தெரிவது இடப்பக்கம் மாறிகளும் வலப்பக்கம் முடிவுகளுமாகப் பிரிந்த ஒரே திரை. ஒரு பெட்டியில் டிக் செய்தவுடன் அட்டவணை தானே மாறுகிறது. எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா என்ற கட்டண மென்பொருள்களின் கோப்புகளையும் நேரடியாகத் திறக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் உரிமம் காலாவதியாகும் தேதியைப் பார்த்துப் பார்த்து ஆய்வைத் திட்டமிடும் மாணவருக்கு இவ்வளவே பெரிய நிம்மதி.

மதிப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைப் பற்றிய தரவு. விண்ணப்பங்கள் அதிகமாக வந்த ஆறு துறைகளின் விவரங்களை மட்டும் கொண்ட இந்தத் தொகுப்பு ஆர் மொழியுடனேயே வருகிறது. துறைகளுக்குப் பெயர் இல்லை, ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளே உண்டு. மொத்தம் 4,526 விண்ணப்பங்கள். ஆண்கள் 2,691 பேரில் 1,198 பேருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 1,835 பேரில் 557 பேருக்குக் கிடைத்தது. விழுக்காட்டில் சொன்னால் ஆண்களுக்கு 44.5, பெண்களுக்கு 30.4. பாகுபாடு நடந்ததா என்ற கேள்வியோடு பீட்டர் பிக்கலும் அவருடைய சகாக்களும் 1975இல் ஆராய்ந்து வெளியிட்ட பிறகு, இந்தத் தரவு புள்ளியியல் வகுப்புகளின் நிரந்தரப் பாடமாகிவிட்டது. விடையைக் கையாலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும் என்பதால் ஒரு மென்பொருளைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தரவு குறைவு. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வரி என்று விரித்து, சேர்க்கை, பாலினம், துறை என்ற மூன்று பத்திகளோடு ஜமோவியில் ஏற்றினேன்.

ரிக்ரெஷன் பட்டியலில் லாஜிஸ்டிக் என்ற தலைப்பின் கீழ் மூன்று வகைகள் உள்ளன: இரண்டே விளைவுகள் கொண்டது, பல விளைவுகள் கொண்டது, வரிசையுள்ள விளைவுகள் கொண்டது. நமக்கு வேண்டியது முதலாவது. சார்பு மாறிக்கு, அதாவது விளைவுக்கு, ஒரு பெட்டியும் அதை விளக்கும் சாரா மாறிகளுக்கு இரண்டு பெட்டிகளும் வருகின்றன. எண்ணளவில் அளக்கப்பட்டவை கோவேரியட்ஸ் பெட்டிக்கும், வகைகளாகப் பிரிந்தவை ஃபாக்டர்ஸ் பெட்டிக்கும் போக வேண்டும். மதம், சாதிப் பிரிவு, மாவட்டம் போன்றவை எண் குறியீடுகளாகப் பதிவாகியிருக்கும் கணக்கெடுப்புத் தரவுகளில், அவற்றை ஃபாக்டர்ஸ் பெட்டியில் இடுவது முழுக்கப் பயனரின் பொறுப்பு. இடம் மாறிவிட்டால், மூன்றாம் குறியீடுள்ள மதம் முதலாம் குறியீடுள்ள மதத்தைப் போல மும்மடங்கு பெரியது என்ற பொருளில் கணக்கு நடந்து முடிந்துவிடும். கெழு (ஒரு மாறியின் விளைவைக் காட்டும் எண்) வரும், பி மதிப்பும் (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாக வரும் நிகழ்தகவு) வரும், முடிவில் பொருள் மட்டும் இருக்காது.

பாலினத்தை மட்டும் இட்டவுடன் முதல் அட்டவணை வருகிறது. அதில் எஸ்டிமேட் (கெழு), திட்டப் பிழை (அதன் நிச்சயமின்மையின் அளவு), இசட் (முதலாவதை இரண்டாவதால் வகுத்தது), பி என்ற நான்கு பத்திகள். ஆண்களை அடிப்படை வகையாக, அதாவது மற்றவர்களை ஒப்பிடுவதற்கான வகையாக, வைத்தால் பெண்களுக்கான கெழு −0.61. இந்த எண் என்ன? இடம் கிடைத்தவர்களின் எண்ணிக்கையைக் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஆட்ஸ். ஆண்களுக்கு அது 1,198 வகுத்தல் 1,493, அதாவது 0.80, பெண்களுக்கு 557 வகுத்தல் 1,278, அதாவது 0.44. இவ்விரண்டின் மடக்கைகளுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் −0.61. அட்டவணையின் அடியில் இது மடக்கை ஆட்ஸ் அளவில் உள்ளது என்று ஒரு குறிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடிக்குறிப்பு சிறிய எழுத்திலும் எண் பெரிய எழுத்திலும் இருக்கையில் வாசகரின் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தராசில் கிலோவில் நிறுத்துவிட்டு ரசீதில் வேறு அலகில் எழுதிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

மாடல் கோயெஃபிஷியன்ட்ஸ் என்ற பட்டையைத் திறந்து ஆட்ஸ் ரேஷியோ பெட்டியில் டிக் செய்தால் பெண்களின் ஆட்ஸை ஆண்களின் ஆட்ஸால் வகுத்த 0.54 என்ற எண் கூடுதலாக வருகிறது. உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளைக் காட்டும் நம்பிக்கை இடைவெளியை வேறொரு பெட்டியில் தனியாகக் கேட்க வேண்டும். இங்கேதான் சமூக அறிவியல் ஆய்வேடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை பிறக்கிறது. 0.54 என்பதைப் பார்த்தவுடன் பெண்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். நிகழ்தகவைக் கணக்கிட்டால் 30.4ஐ 44.5ஆல் வகுக்க வேண்டும், விடை 0.68, அதாவது குறைவு 32 விழுக்காடுதான். ஆட்ஸ் விகிதமும் நிகழ்தகவு விகிதமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நிகழ்வு அரிதாக இருக்கும்போது மட்டுமே. நூற்றுக்கு ஓரிருவரைத் தாக்கும் நோயைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் இந்தக் குழப்பம் பெரிய சேதம் விளைவிப்பதில்லை. வாக்களிப்பு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு என்று நூற்றுக்கு முப்பது, நாற்பது பேர் ஆம் என்ற பக்கம் நிற்கும் சமூக அறிவியல் தரவுகளில் அது முடிவையே ஊதிப் பெரிதாக்கிவிடுகிறது.

அடுத்து மாடல் பில்டர் பகுதியில் துறையையும் சேர்த்தேன். பெண்களுக்கான கெழு −0.61இலிருந்து +0.10ஆக மாறியது, திட்டப் பிழை 0.08, பி மதிப்பு 0.22. ஆட்ஸ் ரேஷியோ 1.11, அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.94 முதல் 1.30 வரை. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது இடம் கிடைப்பது அரிதாக இருந்த துறைகளுக்கு. ஆண்கள் அதிகமாக விண்ணப்பித்தது தாராளமாக இடம் கொடுத்த ஏ, பி துறைகளுக்கு. துறையைக் கணக்கில் எடுத்தவுடன் பாகுபாட்டின் தடயம் மறைந்துவிடுகிறது என்பது எல்லோரும் அறிந்த கதை. அதை மீண்டும் சொல்வதைவிட, அந்த 1.11ஐ ஜமோவி எவ்வாறு புரியவைக்கிறது என்பதுதான் இந்த மதிப்பீட்டுக்கு முக்கியம்.

எஸ்டிமேட்டட் மார்ஜினல் மீன்ஸ் என்ற பட்டையைத் திறந்து, பாலினத்தையும் துறையையும் ஒரே வரியில் இழுத்துப் போட்டால் வரைபடம் ஒன்று வருகிறது. அதன் செங்குத்து அச்சில் இருப்பது மடக்கையும் அல்ல, ஆட்ஸும் அல்ல, நிகழ்தகவு. ஏ துறையில் ஆணுக்கு 64.2 விழுக்காடு, பெண்ணுக்கு 66.4. எஃப் துறையில் ஆணுக்கு 6.2, பெண்ணுக்கு 6.8. ஒரே ஆட்ஸ் ரேஷியோதான். ஓரிடத்தில் அது 2.3 புள்ளி வேறுபாடு, மற்றோரிடத்தில் 0.6 புள்ளி. லாஜிஸ்டிக் வளைகோடு நடுவில் செங்குத்தாகவும் இரு முனைகளில் தட்டையாகவும் இருப்பதால் இப்படி ஆகிறது என்று வகுப்பில் பலகை நிறைய எழுதி விளக்குவதை இந்த ஒரு படம் செய்துவிடுகிறது. நான் பார்த்தவரையில், சொடுக்கிப் பயன்படுத்தும் மென்பொருள்களில் நிகழ்தகவுக்கு இவ்வளவு எளிதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குறைவு. ஸ்டேட்டாவில் 2009இல் வந்த மார்ஜின்ஸ் கட்டளை இதைவிட ஆற்றல் மிக்கது, சராசரி விளிம்பு விளைவையும் (ஒரு மாறி மாறும்போது நிகழ்தகவு சராசரியாக எத்தனை புள்ளி மாறுகிறது என்பதையும்) அதிலே கேட்டுப் பெறலாம். ஆனால் கட்டளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும், உரிமத்துக்கும் பணம் கட்ட வேண்டும்.

இந்தப் பகுதியில் ஒரு பெட்டியை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். துறையை விட்டுவிட்டுப் பாலினத்துக்கு மட்டும் சராசரி கேட்டால், ஜமோவி இயல்பாக ஆறு துறைகளுக்கும் சம எடை கொடுக்கிறது. அப்போது ஆண்களுக்கு ஏறக்குறைய 33, பெண்களுக்கு 36 என்று வரும். ஏ துறையில் 933 விண்ணப்பங்களும் இ துறையில் 584 விண்ணப்பங்களும் இருந்தன என்பது இந்தச் சராசரிக்குத் தெரியாது. கட்டுப்பாட்டுக்குள் நடத்திய சோதனைகளில் சம எடை பொருத்தமானது. மக்கள்தொகையிலிருந்து எடுத்த மாதிரியில் அது கேட்ட கேள்விக்கு விடையல்ல. ஈக்குவல் செல் வெயிட்ஸ் என்ற அந்த டிக்கை எடுத்துவிட்டால் எடை மாறும். உளவியலாளர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட மென்பொருள் என்பது இத்தகைய இயல்பு அமைப்புகளில் தெரிகிறது.

பாலினமும் துறையும் சேர்ந்த இடைவினையை, அதாவது பாலின வேறுபாடு துறைக்குத் துறை மாறலாம் என்பதை, மாடலில் இட்டுப் பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. இடைவினை உள்ள மாடலையும் இல்லாத மாடலையும் ஒப்பிடும் லைக்லிஹுட் ரேஷியோ சோதனையின் கை வர்க்க மதிப்பு 20.2, கட்டின்மை 5, பி மதிப்பு 0.001. அதாவது எல்லாத் துறைகளிலும் பாலின வேறுபாடு ஒன்றே என்று கருதியது சரியல்ல. காரணம் பெரும்பாலும் ஏ துறை: அங்கு விண்ணப்பித்த 108 பெண்களில் 89 பேருக்கு இடம் கிடைத்தது, ஆண்கள் 825 பேரில் 512 பேருக்கு. 82 விழுக்காட்டுக்கு எதிரே 62. முந்தைய மாடல் அந்தப் பெண்களுக்கு 66 என்றுதான் கணித்திருந்தது. இடைவினையைச் சேர்க்க இரண்டு மாறிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஓர் அம்புக்குறியைச் சொடுக்கினால் போதும் என்பதால், ஆய்வாளர் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

பொருத்தத்தை அளக்கும் போலி ஆர் வர்க்க அளவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாலினமும் துறையும் மட்டும் உள்ள அதே மாடலுக்கு மெக்ஃபேடன் அளவு 0.14, காக்ஸ்–ஸ்நெல் அளவு 0.17, நேகல்கெர்க்கே அளவு 0.23. எது பெரியதோ அதை ஆய்வேட்டில் எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஜமோவி இயல்பாகக் காட்டுவது மெக்ஃபேடன் அளவை. எஸ்பிஎஸ்எஸ் காட்டுவது மற்ற இரண்டையும். இருவர் இரண்டு மென்பொருள்களில் ஒரே தரவை இயக்கிவிட்டு, யாருடைய மாடல் சிறந்தது என்று வாதிட இது போதுமான காரணமாகிவிடுகிறது. மூன்றில் எதையும், மாறுபாட்டில் இத்தனை விழுக்காடு விளக்கப்பட்டது என்று நேர்கோட்டு ரிக்ரெஷனின் மொழியில் எழுதக் கூடாது.

பிரெடிக்ஷன் பகுதியில் வரும் வகைப்பாட்டு அட்டவணை இன்னும் ஏமாற்றக்கூடியது. பாலினத்தை மட்டும் கொண்ட மாடலில் நிகழ்தகவுகள் 44.5, 30.4 இரண்டுமே பாதிக்குக் கீழே இருப்பதால், 0.5 என்ற வெட்டுப்புள்ளியில் 4,526 பேருக்கும் இடமில்லை என்றே கணிப்பு வருகிறது. ஆனாலும் துல்லியம் 61.2 விழுக்காடு என்று அட்டவணை சொல்லும், ஏனென்றால் உண்மையில் இடம் கிடைக்காதவர்களே அத்தனை பேர். துறையைச் சேர்த்தால் துல்லியம் 70.6 விழுக்காடாக உயர்கிறது. ஏ, பி துறைகளுக்கு விண்ணப்பித்த எல்லோருக்கும் இடம் உண்டு, மற்ற எவருக்கும் இல்லை என்பதே அந்தக் கணிப்பின் முழுச் சாரம். துறை இருக்கும் மாடலிலிருந்து பாலினத்தை எடுத்துவிட்டாலும் இந்த அட்டவணையில் ஓர் எண்கூட மாறாது. பாகுபாட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஆய்வில் பாலினத்தையே காணாத அட்டவணைக்கு என்ன வேலை? கடன் கொடுக்கும் வங்கிக்கு இது பயன்படலாம். காரணங்களைத் தேடும் சமூக அறிவியலாளர் இந்தப் பட்டையைத் திறக்காமலே இருக்கலாம்.

அடிப்படை வகையைத் தேர்ந்தெடுக்க ரெஃபரன்ஸ் லெவல்ஸ் என்று தனிப் பகுதியே இருப்பதை ஜமோவியின் நல்ல குணங்களில் ஒன்றாகச் சொல்வேன். வகை மாறிகளுக்கு எஸ்பிஎஸ்எஸ் இயல்பாகக் கடைசி வகையை அடிப்படையாகக் கொள்கிறது; ஆர் முதல் வகையையும் ஸ்டேட்டா மிகச் சிறிய குறியீட்டையும் கொள்கின்றன. ஒரே தரவுக்கு ஒரு மென்பொருளில் −0.61 என்றும் இன்னொன்றில் +0.61 என்றும் வருவதற்கு இதுவே காரணம். ஜமோவியில் சார்பு மாறி உட்பட எல்லா வகை மாறிகளுக்கும் அடிப்படை எது என்று கண்ணெதிரே பட்டியல் இருக்கிறது, மாற்றுவதும் ஒரு சொடுக்குதான். பி மதிப்பு மிகச் சிறியதாக இருக்கும்போது .000 என்று காட்டாமல் .001ஐவிடக் குறைவு என்று காட்டுவதும் சிறிய விஷயம்தான் என்றாலும், பி மதிப்பு சுழி என்று ஆய்வேட்டில் எழுதும் அபத்தத்தை அது தடுக்கிறது.

மாடல் பில்டரில் மாறிகளைப் பிளாக் பிளாக்காகச் சேர்க்கும் வசதி பார்க்க அழகாக இருக்கிறது. கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. முதல் பிளாக்கில் ஒரு கெழு, இரண்டாவது பிளாக்கில் அதே மாறிக்கு வேறு கெழு என்று பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது, இடையில் சேர்த்த மாறி இவ்வளவு பங்கை விளக்கிவிட்டது என்று எழுதத் தோன்றும். நேர்கோட்டு ரிக்ரெஷனில் செல்லுபடியாகும் இந்த வாதம் லாஜிஸ்டிக்கில் அப்படியே செல்லாது. புதிய மாறி பழைய மாறியோடு எந்தத் தொடர்பும் இல்லாதிருந்தாலும், விளைவோடு தொடர்புடையதாக இருந்தாலே போதும், பழைய மாறியின் ஆட்ஸ் ரேஷியோ மாறிவிடும். பெர்க்லி தரவில் கெழுவின் குறியே தலைகீழாவதால் இது வெறும் அளவுகோல் மாற்றம் அல்ல என்று துணிந்து சொல்லலாம், 0.40 என்பது 0.48ஆக மாறும் ஆய்வுகளில் அந்தத் துணிவுக்கு இடமில்லை. நிகழ்தகவு அளவில் ஒப்பிடுவதே பாதுகாப்பானது. அதற்கு வேண்டிய சராசரி விளிம்பு விளைவைத் தரும் பெட்டி இந்தப் பகுதியில் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. ஆர்ஜே என்ற துணைத் தொகுப்பை நிறுவினால் ஜமோவிக்குள்ளேயே ஆர் கட்டளைகளை எழுதிப் பெறலாம் என்றாலும், அதற்குள் போய்விட்ட மாணவர் ஏறக்குறைய ஆர் பயனராகவே ஆகிவிட்டார்.

துறையை மாடலில் சேர்ப்பது சரியா என்ற கேள்விக்கு எந்த மென்பொருளும் விடை தராது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்கு விண்ணப்பித்தார்கள் என்பதற்குப் பள்ளியிலும் வீட்டிலும் நேர்ந்த வழிநடத்தலே காரணம் என்றால், துறை என்பது பாகுபாடு பயணம் செய்த பாதையாகவே ஆகிவிடுகிறது. அதைக் கட்டுப்படுத்துவது அந்தப் பாதையை மறைப்பதாகும். சேர்க்கைக் குழு நேர்மையாக நடந்துகொண்டதா என்ற கேள்விக்கு இரண்டாவது மாடல் பொருந்தும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பல்கலைக்கழகக் கதவு ஒரே அளவில் திறந்திருந்ததா என்ற கேள்விக்கு முதல் மாடலே நெருக்கமானது. எந்தக் கேள்வி தன்னுடையது என்பதை முடிவு செய்த பிறகுதான் மாறியை இழுத்துப் போட வேண்டும்.

நம் மாணவர்கள் அதிகம் நாடும் தேசியக் குடும்பநல ஆய்வுத் தரவுக்கு ஜமோவி ஏற்றதல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் 7,24,115 பெண்களிடம் பேட்டி எடுக்கப்பட்டது. கோப்பில் ஆயிரக்கணக்கான பத்திகள். அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் ஊர்களையும் பிறகு அவற்றுக்குள் வீடுகளையும் இரண்டு கட்டமாகத் தேர்ந்தெடுத்த மாதிரி அது. ஒரே ஊர்க்காரர்கள் பல வகையில் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், அந்த அமைப்பைப் புறக்கணித்துக் கணக்கிட்டால் திட்டப் பிழை உண்மையைவிடச் சிறியதாக வரும். முக்கியத்துவம் இல்லாதது முக்கியமானதாகத் தெரியும். இதற்கு ஸ்டேட்டாவின் சர்வே கட்டளைகள், எஸ்பிஎஸ்எஸ்ஸில் காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ் என்ற தனித் தொகுதி, ஆர் மொழியில் தாமஸ் லம்லி எழுதிய சர்வே தொகுப்பு ஆகியவை உள்ளன. கடைசியாகச் சொன்னது இலவசம்.

சிறிய மாதிரிகளிலும் ஒரு கண் வேண்டும். ஒரு வகையில் உள்ள எல்லோருக்கும் விடை ஆம் என்றே அமைந்துவிட்டால் கெழுவுக்கு முடிவான மதிப்பே கிடையாது. ஸ்டேட்டா அத்தகைய மாறியை நீக்கிவிட்டு ஒரு குறிப்பு எழுதுகிறது. ஆர் சில வேளைகளில் எச்சரிக்கை விடுகிறது. ஜமோவி அட்டவணையில் ஒரு கெழு பதினைந்து, இருபது என்று உயர்ந்து, அதன் திட்டப் பிழை நூற்றுக்கணக்கில் நின்றால், குறுக்கு அட்டவணைக்குத் திரும்பிப் போய் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று தேட வேண்டும்.

மேல் வலப்பக்கப் பட்டியலில் சின்டாக்ஸ் மோட் என்ற தேர்வை இயக்கினால் ஒவ்வொரு அட்டவணைக்கும் மேலே அதற்குரிய ஆர் கட்டளை தோன்றுகிறது. தரவு, தேர்வுகள், முடிவுகள் மூன்றும் ஒரே கோப்பில் சேமிக்கப்படுவதால், வழிகாட்டியிடம் அந்தக் கோப்பை அனுப்பினால் எந்தப் பெட்டியில் டிக் இருந்தது என்பது வரை அவர் திறந்து பார்க்கலாம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்தக் கட்டளையையும், ஜமோவியின் பதிப்பு எண்ணையும், ஒவ்வொரு வகை மாறிக்கும் எது அடிப்படை என்பதையும் சேர்த்துவிட்டால், புறத்தேர்வாளர் அதே எண்களைத் தம் கணினியிலேயே வரவழைத்துப் பார்க்க முடியும்.